கண்ணைக் கட்டிக் காட்டும் உலகம்

திருவிழாக் கூட்டத்தில் வித்தைக்காரர் செய்து காட்டுவதைக் கண்கட்டு வித்தை என்கிறோம். உண்மையில் அவர் யாருடைய கண்ணையும் கட்டுவதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஏமாந்துவிட்டு, 'கண்ணைக் கட்டிவிட்டார்' என்று நாம் சொல்லிக் கொள்கிறோம்! சென்ற மே மாதம் நான் கண்ட வித்தையிலோ, முதலில் கண்ணை நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் காட்சியே தொடங்கியது.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கும் வானூர் எங்கள் ஊர். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைப் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிந்திருக்கும். பிரான்சில் இருக்கும் என் அண்ணன் மகன் கோடை விடுமுறைக்கு எங்கள் பழைய வீட்டுக்கு வந்திருந்தான். பெட்டியிலிருந்து அவன் எடுத்துக் காட்டிய பொருள், இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர் அணியும் தலைக்கவசத்தின் முகப்பை மட்டும் வெட்டி எடுத்தது போல இருந்தது. வெள்ளை நிறம். அரைக் கிலோ எடை. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு வட்டக் கண்ணாடிகள். இதற்குத்தான் விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட் என்று பெயர். தமிழில் மெய்நிகர் காட்சிக் கருவி என்கிறார்கள். மெய்யல்ல, ஆனால் மெய்க்கு நிகர் என்பது பொருள். அவனுடையது, இன்று மெட்டா எனப்படும் நிறுவனம் 2020 அக்டோபரில் வெளியிட்ட குவெஸ்ட் 2. இதற்குப் பின் வந்த கருவிகளும் உண்டு என்றாலும், நம் பாடத்துக்கு இதுவே போதும்.

கருவியைத் தலையில் மாட்டியவுடன் கூடமும் தூணும் மறைந்தன. என் முன்னே ஒரு மேசை. அதன் மேல் வண்ண வண்ணக் கட்டைகளும் ஒரு காகித விமானமும் இருந்தன. இரு கைகளிலும் பிடித்திருந்த கைப்பிடிகளின் விசையை அழுத்தினால் கட்டையை எடுக்கலாம், அடுக்கலாம், எறியலாம். எறிந்த கட்டை பரவளையப் பாதையில் போய் விழுந்தது. கலிலியோ பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். கால் மணி நேரம் சிறுபிள்ளையைப் போல் விளையாடிவிட்டு, கை வலிக்கிறதே என்று கைப்பிடியை அந்த மேசையின் மேல் வைத்தேன்.

"சித்தப்பா, அங்கே மேசையே இல்லை!" என்று அண்ணன் மகன் கத்தினான்.

கைப்பிடியின் வார் மணிக்கட்டில் மாட்டியிருந்ததால் அது தரையில் விழாமல் தொங்கியது. இருபது ஆண்டுகளாக ஒளியியல் பாடம் நடத்தும் எனக்கே இந்த நிலை. மேசை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கைக்குத் தெரியவில்லை! இந்தக் கருவி ஏமாற்றுவது யாரை என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது.

முதலில் அந்தக் கண்ணாடிகளைப் பார்ப்போம். அவற்றுக்குப் பின்னால், கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில் ஒரு திரை இருக்கிறது. செல்பேசித் திரையின் தம்பி என்று சொல்லலாம். உங்கள் உள்ளங்கையை மூக்குக்கு எதிரே 5 செ.மீ. தொலைவில் பிடித்து ரேகைகளைப் பாருங்கள். தெளிவாகத் தெரியாது. அவ்வளவு அருகில் உள்ள பொருளின் பிம்பத்தை விழித்திரையில் குவிக்க நம் கண்ணின் லென்ஸால் இயலாது. அப்படியானால் அந்தத் திரை மட்டும் எப்படித் தெளிவாகத் தெரிகிறது?

பத்தாம் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். குவிலென்ஸின் குவியத் தூரத்துக்குச் சற்று உள்ளே ஒரு பொருளை வைத்தால், அதே பக்கத்தில், வெகு தொலைவில், பெரிதாக்கப்பட்ட நேரான மாய பிம்பம் தோன்றும். லென்ஸின் குவியத் தூரம் 4 செ.மீ., திரை 3.9 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 4-ல் ஒரு பங்கு 0.2500; 3.9-ல் ஒரு பங்கு 0.2564. வித்தியாசம் 0.0064. அதைத் தலைகீழாக்கினால் ஏறத்தாழ 156 செ.மீ. வருகிறது. மூக்கை இடிக்கும் திரை ஒன்றரை மீட்டருக்கு அப்பால் போய் உட்கார்ந்து கொண்டது! தேர்வுத் தாளில் 'மாய பிம்பம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதற்குள் நுழைந்து உட்கார்ந்து பார்த்திருப்போம்?

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'திரைதான் கண்ணுக்கு அருகிலேயே இருக்கிறதே, கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு மூக்குக் கண்ணாடி வேண்டாமே' என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. கண்ணுக்குத் திரை தெரிவதில்லை. அதன் பிம்பமே தெரிகிறது. அது ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவு உங்களுக்கு மங்கலாகத் தெரியும் என்றால், கருவிக்குள்ளும் மங்கலாகத்தான் தெரியும். இந்தக் கணக்கு பின்னால் வேறோர் இடத்தில் நமக்குத் தேவைப்படும். மறந்துவிடாதீர்கள்.

அந்த லென்ஸை உற்றுப் பார்த்தால், இசைத்தட்டில் இருப்பதைப் போல வட்ட வட்டமாக வரிகள் தெரியும். குவியத் தூரம் குறைவாகவும் விட்டம் பெரிதாகவும் இருக்க வேண்டுமானால், சாதாரண லென்ஸ் குண்டாகவும் கனமாகவும் ஆகிவிடும். ஒளி விலகுவது லென்ஸின் பரப்பில்தானே? நடுவில் இருக்கும் கண்ணாடி வெறும் பாரம். அதை நீக்கிவிட்டு வளைவான பரப்பை மட்டும் வளையம் வளையமாகத் தட்டையில் பதித்தால் வேலை நடக்கும். கலங்கரை விளக்கங்களுக்காக ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1820-களில் கண்ட உத்தி இது. கப்பலுக்கு வழிகாட்டிய லென்ஸ் இப்போது விளையாட்டுக் கருவியில் இருக்கிறது.

அந்த லென்ஸைப் பற்றி எங்கள் அம்மாவிடம் சொல்லி வைக்காமல் போனோம். மே மாத வெயிலில் விளையாடியவர்களின் வியர்வை அதன் மெத்தையில் ஊறி நாற்றம் எடுத்தது. அம்மா அதைத் துடைத்து, லென்ஸ் வானத்தைப் பார்க்கும்படி மல்லாத்தி, வடகத் தட்டுக்குப் பக்கத்தில் காய வைத்துவிட்டார். அண்ணன் மகன் "ஆயா!" என்று அலறிக்கொண்டு ஓடிய வேகத்தை என்னென்பது! பூதக் கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்திய அனுபவம் உங்களுக்கு இருக்கும். குவியத்துக்குச் சற்று அருகில் அந்தத் திரை இருக்கிறது என்று இப்போதுதான் கணக்குப் போட்டோம். சூரியனின் பிம்பம் திரையில் விழுந்தால் சிறிது நேரத்திலேயே அழியாத சுடுபுள்ளி ஏற்பட்டுவிடும். நல்ல வேளை, மேகம் காப்பாற்றியது.

அடுத்தது இரண்டு கண்களின் கதை. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பேனாவை ஒரு கையிலும் அதன் மூடியை மறு கையிலும் பிடித்துக் கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூடியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டு வந்து, ஒரே வீச்சில் பேனா முனையில் மாட்ட முயலுங்கள். பெரும்பாலும் முன்னாலோ பின்னாலோ தவறிப் போகும். இரு கண்களையும் திறந்துகொண்டால் எளிதாக மாட்டிவிடலாம்.

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. அருகில் உள்ள பொருள், பின்னணியோடு ஒப்பிட்டால், இடக்கண்ணுக்குச் சற்று வலப்புறமாகவும் வலக்கண்ணுக்குச் சற்று இடப்புறமாகவும் தெரியும். இந்த விலகல் எவ்வளவு என்பதைக் கொண்டு மூளை தூரத்தைக் கணிக்கிறது. இதை எடுத்துக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். ஆம், உங்கள் ஆய்வகத்தில் மின்தடை அளக்கும் 'வீட்ஸ்டன் சமனச் சுற்று' இருக்கிறதே, அவரேதான்! 1838-இல் அவர் இரண்டு சித்திரங்களை வரைந்து, இரண்டு கண்ணாடிகளின் உதவியால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டினார். தட்டையான கோடுகள் திரண்டு பருமனான உருவமாக எழுந்து நின்றன. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1849-இல் டேவிட் புரூஸ்டர் கண்ணாடிக்குப் பதிலாக லென்ஸ்களை வைத்து அதைக் கைக்கு அடக்கமான பெட்டியாக்கினார்.

ஆகவே வானூரில் நான் தலையில் மாட்டிக்கொண்டது, அடிப்படையில், 19-ஆம் நூற்றாண்டுப் பெட்டிதான். புதியது அதில் என்ன? தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. கருவியின் சிறப்பெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. அதன் சிக்கலும் இதில்தான்.

1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து இதை முதலில் செய்து காட்டினார். தலையின் திருப்பத்தை அளக்க, கூரையிலிருந்து தொங்கும் கம்பி அமைப்பு ஒன்றோடு தலையையே பிணைத்துவிட்டார்! கண்ணுக்குத் தெரிந்தது வெறும் கோட்டுச் சித்திரம். அந்தக் கூரைக் கம்பியின் வேலையை இன்று நகத்தளவு சில்லு ஒன்று செய்கிறது. அதனுள் சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய துண்டு ஒன்று ஓயாமல் முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சுற்றும் ராட்டினத்தின் தட்டில் ஒரு பந்தை நேராக உருட்டினால் அது பக்கவாட்டில் விலகி ஓடும் அல்லவா? அதேபோல, தலை திரும்பும்போது இந்தத் துண்டின் அதிர்வும் பக்கவாட்டில் சிறிது விலகுகிறது. எவ்வளவு விலகல், அவ்வளவு வேகத் திருப்பம். கைப்பிடிக்குள் இருப்பதும் இதே கருவிதான். உங்கள் செல்பேசியைப் படுக்க வைத்தால் படமும் படுத்துக்கொள்வதற்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில்லுகளே காரணம். கோடிக்கணக்கில் செல்பேசிகள் உற்பத்தியானதால் சில்லும் திரையும் மலிவாயின. அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் இருந்த பொருள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

ஆனால் இந்தச் சில்லு சொல்வது திரும்பும் வேகத்தை மட்டுமே. வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் கோணத்தைப் பெற வேண்டும். வேகத்தில் விநாடிக்கு 0.1 பாகை பிழை என்றால் ஒரு நிமிடத்தில் 6 பாகை பிழையாகிவிடும்; நேரே இருந்த மேசை மெல்ல நகர்ந்து போய்விடும். அதனால் பூமியின் ஈர்ப்புத் திசையை உணரும் மற்றொரு சில்லும், வெளியே அறையை நோட்டமிடும் 4 சிறு காமிராக்களும் அவ்வப்போது கணக்கைத் திருத்துகின்றன.

இதையெல்லாம் எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் தெரியுமா? யாரோ கூப்பிட்டால் தலையை விநாடிக்கு 100 பாகை வேகத்தில் வெகு சாதாரணமாகத் திருப்புகிறோம். படம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாக வந்தால் 5 பாகை பின்தங்கிவிடும். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்த அகலம் சுமார் 5 பாகை. உலகம் முழுவதும் மூன்று விரல் அகலம் பின்னால் இழுபட்டு வந்தால் எப்படி இருக்கும்! எனவே தலை அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, அதற்கான படத்தைத் தயாராக வரைந்து வைக்கிறது கருவி. அக்குலஸ் நிறுவனத்தின் முதல் கருவிகளுக்கு இந்தக் கணிப்பு முறையை வகுத்தவர்களில் ஒருவரான ஸ்டீவன் லவால், பின்னர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இந்தப் பாடத்தையே நடத்தினார். அந்த வகுப்புகள் என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரிப் பாடம்தான், என்றாலும் முதல் சில வகுப்புகள் உங்களுக்கும் புரியும்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் எனக்குத் தலை சுற்றியது. மலை ரயில் விளையாட்டு ஒன்றில் உட்கார்ந்தேன். உண்மையில் உட்கார்ந்தது மர நாற்காலியில். ரயில் பள்ளத்தில் பாய்ந்தபோது வயிற்றைப் புரட்டியது. நம் காதுக்குள் 3 அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுள் இருக்கும் நீர்மம், தலை திரும்பும்போது பின்தங்கி, உணர்வு மயிர்களை வளைக்கிறது. இவற்றுக்கு அருகிலேயே வேகம் கூடுவதையும் குறைவதையும் உணரும் உறுப்புகளும் உண்டு. ஆக, மூளைக்கும் ஒரு திருப்பச் சில்லும் ஓர் ஈர்ப்புச் சில்லும் பிறவியிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன! கண் 'பாய்கிறோம்' என்கிறது. காது 'நாற்காலியில்தான் இருக்கிறோம்' என்கிறது. திண்டிவனம் பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுவது இதற்கு நேர்மாறு. அங்கே காதுக்குத் தெரியும் ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்த பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

படத்தின் தெளிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கண்ணுக்கும் குறுக்கே 1832 படப்புள்ளிகள். செல்பேசியில் இது தாராளம். இங்கோ அதை ஏறத்தாழ 90 பாகைக்கு விரித்துவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 20 புள்ளிகள்தான் கிடைக்கும். நல்ல கண், ஒரு பாகையை 60 கூறாகப் பிரித்துப் பார்க்கக்கூடியது. ஆகவே மெய்நிகர் உலகில் தூரத்துப் பலகையின் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பது போல் இருந்தது.

இனி நான் சொல்லப்போவது வேறு விஷயம். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. எங்கள் எல்லோரையும் விட அவளே நன்றாக விளையாடினாள். பாட்டின் தாளத்துக்கேற்பப் பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டும் விளையாட்டில் அவள் எண்ணிக்கையை அண்ணன் மகனாலும் எட்ட முடியவில்லை. நான் வாத்தியார் அல்லவா, சும்மா இருப்பேனா? இரு கண்களின் சேர்க்கை எவ்வளவு உதவுகிறது என்று காட்டுவதற்காக, ஒவ்வொருவரையும் கருவிக்குள்ளேயே முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பார்க்கச் சொன்னேன். அவள் முறை வந்தது. வலக்கண்ணை மூடியவள், "மாமா, இடது கண்ணாடியைத் துடைக்கவில்லையா? புகை படிந்த மாதிரி இருக்கிறதே" என்றாள்.

துடைத்துக் கொடுத்தோம். அப்போதும் அப்படியே இருந்தது. நான் மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் மகனும் அவ்வாறே சொன்னான். மறுபடி அவளிடம் கொடுத்தால் மறுபடி புகை.

கருவியைக் கழற்றச் சொன்னேன். எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. மூன்று மீட்டர் இருக்கும். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, அதில் பொடி எழுத்தில் இருந்த இராகு காலத்தைத் தங்குதடையின்றிப் படித்தாள். வலக்கண்ணைப் பொத்தியதும், "தேதி தெரிகிறது மாமா" என்றாள். அதற்குக் கீழே? "கீழே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

14 ஆண்டுகளாக அவள் ஒரு கண்ணாலேயே பார்த்து வந்திருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. தினமும் அவளைப் பார்க்கும், இயற்பியல் படித்த இந்த மாமனுக்கும் தெரியாது.

எப்படி இது தெரியாமலே போகும்? ஒரு கண் தெளிவான படத்தையும் மற்றது மங்கலான படத்தையும் அனுப்பினால், மூளை இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்வதில்லை, மங்கலானதைத் தள்ளிவிடுகிறது. இரு கண்களும் திறந்திருக்கும்வரை காட்சி தெளிவாகவே இருக்கும். ஆழத்தைக் கணிக்கவும் மூளைக்கு வேறு வழிகள் உண்டு. பெரிதாகத் தெரிவது அருகில் இருக்கிறது, மறைப்பது முன்னால் இருக்கிறது, தலையை அசைத்தால் அருகில் உள்ளது அதிகமாக நகரும். கருவி தலையின் அசைவுக்கேற்பக் காட்சியையும் நகர்த்துவதால், அந்தக் கடைசி வழியும் அதில் உண்டு. இந்த வழிகளைக் கொண்டே அவள் எங்களை வென்றுவிட்டாள். மே மாதம் முழுவதும் விளையாடியிருந்தாலும், ஒரு கண்ணை மூடாதவரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

புதுச்சேரியில் கண் மருத்துவரிடம் காட்டினோம். இடக்கண்ணில் மட்டும் தூரப்பார்வைக் குறை. அதை விடப் பெரிய சிக்கல், லென்ஸ் போட்டுச் சரிசெய்த பின்னும் அந்தக் கண் முழுத் தெளிவோடு படிக்கவில்லை என்பதுதான். இதைச் 'சோம்பல் கண்' என்பார்கள். சோம்பல் உண்மையில் கண்ணில் இல்லை. ஹியூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைச் சில காலம் மூடி வைத்து ஆராய்ந்தார்கள். பிறகு இமையைத் திறந்துவிட்டபோது கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தன. அவற்றை மற்ற கண் பிடித்துக்கொண்டுவிட்டது. பயிர் வைக்காத நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரர் வளைத்துக் கொள்வதைப் போல! இந்த ஆராய்ச்சிகளுக்காக 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"ஐந்து வயதில் கொண்டு வந்திருந்தால் என் வேலை சுலபம்" என்றார் மருத்துவர். நிலம் பறிபோவது குழந்தைப் பருவத்தில். மீட்பதும் அப்போதுதான் எளிது. ஆனால் 14 வயதில் கதவு முழுவதும் சாத்தப்பட்டுவிடவில்லை. முன்பு சிகிச்சையே பெறாதவர்களாக இருந்தால் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களிலும் ஒரு பகுதியினருக்குப் பார்வை முன்னேறுகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. முதலில் சரியான மூக்குக் கண்ணாடி; பிறகு நாளுக்கு 2 மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைத்து, சோம்பல் கண்ணை வேலை வாங்க வேண்டும். வித்தைக்காரர் கட்டாத கண்ணை மருத்துவர் கட்டிவிட்டார்!

இன்னொரு வேடிக்கை. குறையைக் காட்டிக் கொடுத்த அதே வகைக் கருவியைச் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டக்கூடிய பெட்டி அல்லவா அது? நல்ல கண்ணுக்குப் போகும் படத்தை வெளிறச் செய்துவிட்டுச் சோம்பல் கண்ணுக்குப் பளிச்சென்று காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் ஏற்படும். 4 முதல் 7 வயது வரை உள்ள குழந்தைகளுக்காக இத்தகைய முறை ஒன்றுக்கு 2021 அக்டோபரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. கடையில் வாங்கிய விளையாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு நாமாகவே இதைச் செய்துவிட முடியாது. எந்தக் கண்ணுக்கு எவ்வளவு என்பது மருத்துவர் அளக்க வேண்டிய அளவு. கருவியை 10 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளரே விதி வைத்திருக்கிறார்.

உங்களுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. காலண்டர் இருக்கிறது, இரண்டு உள்ளங்கைகள் இருக்கின்றன. இன்றைக்கே ஒரு கண்ணைப் பொத்தி ஒரு வரி, மறு கண்ணைப் பொத்தி ஒரு வரி படித்துப் பாருங்கள். விரலிடுக்கால் திருட்டுத்தனமாகப் பார்க்கக் கூடாது! வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத சிறு குழந்தையா? ஒரு கண்ணை மூடினால் பேசாமல் இருந்து, மற்றதை மூடினால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா என்று கவனியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் தெரிந்தால் பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அண்ணன் மகன் கருவியோடு பிரான்சுக்குத் திரும்பிவிட்டான். அக்கா மகள் இப்போது கண்ணாடி அணிகிறாள். மாலையில் 2 மணி நேரம் வலக்கண்ணில் ஒட்டுத் துணியோடு வீட்டுப் பாடம் எழுதுகிறாள். முதல் வாரம் எரிச்சலில் இரண்டு முறை அதைப் பிய்த்து எறிந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேனா மூடிச் சோதனை செய்து ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். இரு கண்களையும் திறந்துகொண்டு, பத்துக்கு எத்தனை? ஜூனில் 3. ஆகஸ்டில் 6. இடைவிடாத பழக்கத்தாலும் கை தேறலாம் அல்லவா? அதனால் வலக்கண்ணால் மட்டும் பார்த்தும் ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை செய்யச் சொல்கிறேன். அதுவும் 3-லிருந்து 5 ஆகியிருக்கிறது. ஆறுக்கும் ஐந்துக்கும் இடையில் இருக்கும் அந்த ஒன்று கண்ணால் வந்ததா, வெறும் தற்செயலா என்று சொல்ல இன்னும் பல ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். நோட்டில் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.